அஞ்சலையக்காவுக்கு விழுந்த சுழி ஓட்டுகள்

உ

அஞ்சலையக்கா போய்விட்ட செய்தி எனக்கு மீன் கடையில் கிடைத்தது. கிள்ளான் பாசாரில் ஒரு மீனைப் புரட்டிச் செவுளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பேபி வந்து நின்றாள். எங்களோடு பேக்கிங்கில் வேலை செய்தவள்.

"அக்கா, ஒனக்கு விசயமே தெரியாதா? அஞ்சலையக்கா போயிருச்சு லா. முந்தாநேத்தே எடுத்தாச்சு. ரெண்டு வேன் நெறைய ஆளு. ஒன்னைத்தான் காணோம்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க."

பேசிக்கொண்டார்களாம். பேசிக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட என் வீட்டுக் கதவைத் தட்டத் தோன்றவில்லை. பண்டமாரானில் என் வீடு எங்கே என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பத்திரிகை வைக்க வழி தெரிகிறது. சாவு சொல்லத்தான் வழி தெரியவில்லை. மீனைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். அன்று அடுப்பு மூட்டவில்லை.

நாலு நாள் கழித்துச் சங்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். இப்போதைய செயலாளராம். அக்காவுக்கு நினைவஞ்சலி போடுகிறார்களாம்.

"ஆன்டி, நீங்கதான் அவங்க கூடவே இருந்தீங்கன்னு சொன்னாங்க. நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க."

"நான் மூணாவதுதான் தம்பி படிச்சேன்."

"பரவால்ல ஆன்டி. நாங்க சரி பண்ணிக்கிறோம்."

எழுத்துப் பிழையைச் சரி பண்ணு தம்பி. வேறு எதையும் தொடாதே. நல்லதாக நாலு வார்த்தை வேண்டுமென்றால் அதற்கு வேறு ஆள் இருக்கிறார்கள். சங்கத்துப் பலகையில் "அன்பே உருவானவர்" என்று எழுதி மாலை போட்டிருக்கிறார்களாமே, அவர்களைக் கேள்.

அன்பே உருவானவரா? அஞ்சலையக்காவா? அவர் வாயைத் திறந்தால் சூப்பர்வைசர் கதவைச் சாத்திக்கொள்வார். தமிழில் தொடங்கி மலாயில் போய்ச் சீனத்தில் முடிப்பார். அப்போது நீங்கள் அவருக்கு வைத்த பேர் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ராட்சசி. வாயாடி. ஆளைத் தின்னி. அதைவிட மோசமானதும் ஒன்று உண்டு. அதை முதலில் சொன்னது யார் என்றும் தெரியும். பேர் எழுதவில்லை. இந்த இடத்தில் தாளை மடித்து வைக்கிறவர் யாரோ அவர்தான்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் கட்டையைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் கையுறைத் தொழிற்சாலையில் ஒரு லைனுக்கு நாற்பது பெண்கள். நாற்பது பேருக்கும் ஒரே ஒரு மரக்கட்டை. உள்ளங்கை நீளம் இருக்கும். சூப்பர்வைசர் மேசைக்கு மேலே ஆணியில் தொங்கும். கழிவறைக்குப் போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். போன நேரம், வந்த நேரம் எல்லாம் நோட்டில் ஏறும். எத்தனை பேர் எழுந்து கையை நீட்டிவிட்டு, கட்டை இல்லை என்று திரும்ப உட்கார்ந்திருக்கிறோம். வேலைக்கு வருகிற நாளில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம். மாதத்தில் அந்த மூன்று நாள் எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு இருந்த ஒருத்தி ஒரு நாள் நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டாள். ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலையக்கா தன் ஏப்ரனை அவிழ்த்து அவள் இடுப்பில் கட்டிவிட்டு, சூப்பர்வைசரைப் பார்த்துச் சொன்னார்: "அந்தக் கட்டைய ஒரு நாளு அடுப்புல வச்சு கோப்பி போட்டுக் குடிக்கல, நான் கேரித் தீவுல பொறந்தவ இல்ல."

அந்த வருடம் கிளைச் சங்கத் தேர்தல் வந்தது. செயலாளர் பதவிக்கு எப்போதும் லோரிப் பிரிவு ராஜமாணிக்கம்தான். எதிர்த்து நிற்க ஆள் இருக்காது. மேனேஜரோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கிறவர் அவர். கட்டையைப் பற்றிப் போய்ச் சொன்னால், "பொம்பளைங்க சமாச்சாரத்த எப்படிம்மா நான் மேசையில வச்சுப் பேசுறது?" என்பார். அஞ்சலையக்கா அவரை எதிர்த்து நின்றார். செயலாளர் ஆனால் கட்டை போகும். அந்த ஒன்றுக்காகத்தான் நின்றார். வேறு எந்தப் பெரிய கொள்கையும் அவருக்கு இல்லை. இருந்ததாக இப்போது யாரும் கதை கட்ட வேண்டாம்.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு எழுத்து, பிள்ளையார் சுழி. "தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மொத நாளு அத எழுத வச்சாங்க. ரெண்டாம் நாளு தம்பி பொறந்துட்டான். தூக்கி வச்சுக்க ஆளு வேணும்ல? அதோட முடிஞ்சுது படிப்பு" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

ஓட்டுச் சீட்டில் பேர்கள் மலாயில் இருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பக்கத்தில் படம் போட்டிருப்பார்கள். ராஜமாணிக்கத்துக்குக் கப்பல். அக்காவுக்குக் குடை. பெண்களுக்கு எப்படிக் குறி போடுவது என்று காட்டுகிற வேலையை அக்கா எனக்குக் கொடுத்தார். மூன்றாம் வகுப்பு அங்கே பெரிய படிப்பு. கையுறை அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, உட்பக்கத்தில் கப்பலும் குடையும் வரைந்து, குடைக்கு நேரே பெருக்கல் குறி போட்டேன். வேன் ஏறும் இடத்தில் வைத்து ஒவ்வொருத்திக்கும் காட்டினேன். "இதே மாதிரி போடணும். மாத்திப் போட்டா செல்லாது" என்று பத்துத் தரம் சொன்னேன்.

இதே மாதிரி போட்டார்கள்.

எண்ணிக்கை சாப்பாட்டுக் கண்டினில் நடந்தது, காலை சிப்ட் முடிந்த பிறகு. பிஸ்கட் டின்னில் பிளவு வெட்டி அரக்கு வைத்த பெட்டி. தலைமைச் சங்கம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஓர் அதிகாரியை அனுப்பியிருந்தது. சிவபாதம் என்று பேர். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கால்சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ராஜமாணிக்கம். இன்னொரு பக்கம் அக்காவும், அவருடைய ஏஜெண்டாக நானும்.

கப்பல், குடை இரண்டிலும் குறி போட்ட சீட்டு ஒன்று வந்தது. செல்லாது. ஒன்றுமே போடாதது ஒன்று. செல்லாது. கப்பலில் ஒரு மனிதனை ஏற்றி, அவன் வாயில் சுருட்டு வைத்து வரைந்திருந்தது ஒன்று. சிவபாதம் ஐயா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல கைதான்" என்று சொல்லித் தள்ளி வைத்தார். அதுவரை சிரிப்பாகத்தான் போனது.

பிறகு ராஜமாணிக்கம் குடைச் சீட்டு ஒன்றில் விரலை வைத்தார்.

"சார், இதப் பாருங்க. மேல ஒரு குறி இருக்கு."

பார்த்தோம். சீட்டின் தலையில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே ஒழுங்காகக் குடைக்கு நேரே பெருக்கல் குறி. அடுத்தடுத்து அவர் தேடித் தேடி எடுத்தார். பதினான்கு சீட்டு. பதினான்கும் குடை.

சிவபாதம் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டப் புத்தகத்தைப் பிரித்தார். ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் சொன்னார். போட்ட ஆள் யார் என்று காட்டிக்கொடுக்கிற அடையாளம் எதுவும் சீட்டில் இருந்தால் அந்த ஓட்டு செல்லாது. பதினான்கையும் தனியாக ஒதுக்கினார். மிச்சத்தைக் கூட்டினால் கப்பலுக்கு நூற்று முப்பத்தொன்று. குடைக்கு நூற்று இருபத்து நாலு.

அது என் கை வேலை. அப்போதெல்லாம் கடைக்குச் சாமான் எழுதினாலும், லீவு கடிதம் எழுதினாலும், தலையில் சுழி போடாமல் என் கை தொடங்காது. அந்த அட்டையிலும் போட்டிருக்கிறேன். போட்டதே எனக்குத் தெரியவில்லை. நம் மூக்கு நம் கண்ணுக்குத் தெரிகிறதா?

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அவரு சீட்டுக் கட்டையும் பிரிங்க சார்" என்றார்.

"எதுக்கு?" என்றார் ஐயா.

"எனக்குத் தெரிஞ்ச எழுத்து அது ஒண்ணுதான். எங்க இருந்தாலும் என் கண்ணுல படும். அவரு சீட்டு எண்ணும்போதும் பட்டுச்சு. இவங்க ஆட்சேபம் சொல்லுவாங்கன்னு நெனைக்கல, பேசாம இருந்தேன்."

பிரித்தார்கள். நூற்று முப்பத்தொன்றையும் அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஆறு கப்பல் சீட்டில் சுழி இருந்தது. லோரி ஓட்டுகிற ஆண்பிள்ளைகளுக்கும் கை அப்படித்தான் தொடங்குகிறது. அந்த ஆறும் என் கண் முன்னால்தான் எண்ணப்பட்டன. நான் ஏஜெண்ட். ஒன்றையும் பார்க்கவில்லை.

ராஜமாணிக்கம் அசரவில்லை. கூட்டிப் பார்க்கத் தெரிந்த ஆள். "சரி சார், நியாயம்னா நியாயம். என்னோட ஆறையும் தள்ளிருங்க. நூத்தி இருவத்தஞ்சு. அவங்க நூத்தி இருவத்தி நாலு. ஒரு ஓட்டு எனக்குக் கூட." சொல்லிவிட்டு நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் போட்டார். என் அட்டை. "எங்க ஆளுங்க ஆறு பேரு பழக்கத்துல போட்டாங்க. இவங்களோடது அப்படி இல்ல. சொல்லிக் குடுத்துப் போட வச்ச அடையாளம். யாரு போட்டா, யாரு போடலன்னு கண்டுபிடிக்க."

சிவபாதம் ஐயா அட்டையைத் தூக்கிப் பிடித்தார். "இதை ஆர் எழுதினது?"

ஜன்னலுக்கு வெளியே பெண்கள் கூட்டமாக நின்றார்கள்.

"நான்தான் சார்" என்றேன். "வேணும்னு போடல சார்." அழுகைதான் வந்தது. ராஜமாணிக்கம், "பாத்தீங்களா, ஒத்துக்கிட்டாங்க" என்றார்.

சிவபாதம் ஐயா தலையை ஆட்டினார். "பொறுங்கோ. நான் சட்டத்திலை உள்ளதைத்தான் செய்யலாம். முன்கூட்டிப் பேசி வைச்ச அடையாளம் எண்டால் இதை ஏற்கேலாது, அம்மா." பேனாவைத் திறந்துவிட்டார்.

"எழுதாதீங்க சார்" என்றார் அக்கா. "ஒங்க பைல்ல இவரு எலக்சனுக்கு நிக்கிறேன்னு எழுதிக் குடுத்த தாளு இருக்குல்ல? எடுங்க."

"ஏன்?"

"எடுங்களேன். அன்னிக்கு நான் பெருவெரலு வச்சுக் குடுத்தேன். இவரு பக்கத்துல ஒக்காந்து பேனா புடிச்சு எழுதுனாரு."

ஐயா பைலைத் திறந்து வேட்புமனுவை வெளியே எடுத்தார். தாளின் தலையில், நடு மத்தியில், நன்றாக வால் இழுத்து, சுழி.

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். "இவருக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க சார்? எந்த அட்டையப் பாத்து எழுதுனாரு? அவரு நிக்கிறதுக்குப் போட்டா சாமி. எங்க பொம்பளைங்க ஓட்டுக்குப் போட்டா அடையாளமா? சரி, அடையாளம்னே வச்சுக்குவோம். இருவது சீட்டு இருக்கு. எது யாரோடது? அண்ணனையே ஒரு பேரு சொல்லச் சொல்லுங்க. ஒரே ஒரு பேரு. சரியாச் சொல்லிட்டா நான் எந்திரிச்சுப் போயிர்றேன்."

சிவபாதம் ஐயா இருபது சீட்டையும் மேசையில் பரப்பினார். "சொல்லுங்கோ மிஸ்டர் ராஜமாணிக்கம். இது ஆற்றை சீட்டு?"

ராஜமாணிக்கம் சீட்டைப் பார்த்தார், ஜன்னலில் நின்ற முகங்களைப் பார்த்தார்.

ஐயா பேனாவை எடுத்துப் பதிவேட்டில் எழுதினார். எழுதியதைத் தமிழில் சொன்னார்: "இந்தக் குறி ஆளைக் காட்டேல்லை. ஆக்களின்ரை பழக்கத்தைத்தான் காட்டுது. இருபதும் செல்லும்." குடை நூற்று முப்பத்தெட்டு. கப்பல் நூற்று முப்பத்தொன்று.

ஜன்னலில் நின்றவர்கள் கத்திய சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும். அக்கா சந்தோஷப்படவில்லை. நேராக என்னிடம் வந்து தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தார். "எருமை. ஒன் பிள்ளையார் என்னை மொத்தமா முடிச்சிருப்பாரு." அன்றிலிருந்து என் பேர் சுழி. லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏய் சுழி, சாப்பிட்டியா?" என்று கத்துவார்.

இனிமேல் எந்தத் தாளிலும் சுழி போட மாட்டேன் என்று நான் சொன்னேன். அதற்கும் திட்டுதான். "போடுடி. ஒன் கை அது. எவனோ கையக் காட்டிக் குத்தம் சொன்னான்னு கைய வெட்டிக்குவியா?"

மறுநாள் காலையில் கட்டை ஆணியில் இல்லை. அக்காவின் சாப்பாட்டுப் பையில் இருந்தது. மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார். "கட்டையா? எந்தக் கட்டை?" என்று கேட்டுவிட்டு வந்தார். புதிதாக ஒரு கட்டை மாட்டினார்கள். அதுவும் காணாமல் போனது. மூன்றாவது மாட்டவில்லை. மே மாதத்தில் லீவு கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் பெண்களை வீட்டுக்கு வரச் சொல்லி, சொன்ன மாதிரியே இரண்டையும் பிளந்து அடுப்பில் வைத்துக் கோப்பி போட்டுக் கொடுத்தார். எல்லோரும் இரண்டு கோப்பை குடித்தீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள்.

மறந்தீர்கள். இரண்டு வருடத்தில் மறந்தீர்கள்.

கட்டாய ஓவர்டைம் கூடாது என்று அக்கா சண்டை போட்டார். கம்பெனி பழி வாங்குகிற மாதிரி எல்லோருக்கும் ஓவர்டைமையே நிறுத்திவிட்டது. உடனே உங்கள் வாய் திரும்பியது. "நம்ம சோத்துல மண்ணப் போட்டுட்டா" என்றீர்கள். நினைத்த நேரத்தில் எழுந்து கழிவறைக்குப் போய் வந்துகொண்டே அதைச் சொன்னீர்கள். அடுத்த தேர்தலில் ராஜமாணிக்கம் திரும்ப நின்றார். அந்தத் தடவை தகராறான சீட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் சுத்தமான ஓட்டு. நாற்பது ஓட்டில் அக்காவைத் தோற்கடித்தீர்கள்.

தோற்கடித்தோம் என்றுதான் எழுத வேண்டும். தம்பி, இந்த வரியை அடித்துவிடாதே. அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். மகளுக்குக் காய்ச்சல் இல்லை. இந்தத் தடவையும் அஞ்சலைக்கு ஏஜெண்டாக உட்கார்ந்தால் பகல் சிப்ட் கிடைக்காது என்று சூப்பர்வைசர் ஜாடையாகச் சொல்லியிருந்தார். வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள். காரணம் எல்லோருக்கும்தான் இருந்தது. எனக்கும் இருந்தது. அவ்வளவுதான்.

பிறகு அக்கா என்னைச் சுழி என்று கூப்பிடவில்லை. எந்தப் பேரும் சொல்லவில்லை. நான் நிற்கிற பக்கம் அவர் கண் வராது. ஒரு வருடத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். இதனால்தான் எனக்குச் சாவு சொல்லவில்லை என்று தெரியும். அவரோடு பேச்சு வார்த்தை இல்லாதவள் நான் ஒருத்தி என்று வைத்துவிட்டீர்கள். உங்களில் யாருக்கு இருந்தது?

போன வருடம் கிள்ளான் பஸ் நிலையத்தில் பந்திங் பஸ்ஸுக்கு நின்றேன். பின்னால் ஒரு குரல். "ஏய் சுழி."

காலெல்லாம் வீங்கி, முகம் ஊதி, பிளாஸ்டிக் பையில் மருந்தோடு உட்கார்ந்திருந்தார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதாம். டாக்டர் ஏதேதோ காரணம் சொன்னாராம். நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. ஆனால் அந்த ஆணிக்குக் கீழே எத்தனை வருடம் அடக்கிக்கொண்டு நின்றோம் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததை நான் நினைத்துக்கொள்வேன். யாரும் வந்து மாற்ற முடியாது.

பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். "அன்னிக்கு நான் வரலக்கா" என்றேன்.

"தெரியும்."

"மக காய்ச்சல்னு பொய் சொன்னேன்."

"அதுவும் தெரியும். ஒன் மக அன்னிக்குக் கடையில ஐஸ் வாங்கித் தின்னுக்கிட்டு இருந்தா, நானே பாத்தேன்." மருந்துப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "விடுடி. நீ வந்திருந்தா முப்பத்தொம்பது ஓட்டுல தோத்திருப்பேன். பெரிய வித்தியாசமா?"

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாததை நான் எழுத மாட்டேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். வீட்டுக்கு வருகிறேன் அக்கா என்று சொன்னேன். போகவில்லை. அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

முப்பத்தொன்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒன்று என்னுடையது. அது எனக்குத்தான். சாகும்வரை வைத்துக்கொள்கிறேன், யாருக்கும் பங்கு வேண்டாம். அக்கா கொடுத்தது வேறு ஒன்று இருக்கிறது, "போடுடி" என்ற அந்த வார்த்தை. அந்த முதல் தேர்தலுக்கு அப்புறம் என் கை வெட்கத்தில் சுழி போடுவதை நிறுத்திவிட்டது. அவர் திட்டியும் போடவில்லை. இத்தனை வருடம் கழித்து இந்தத் தாளின் தலையில்தான் மறுபடி போட்டிருக்கிறேன்.

தம்பி, அச்சடிக்கும்போது அதை எடுத்துவிடாதே. சங்கத்தில் யாராவது, இது என்ன அடையாளம் என்று ஆட்சேபம் சொல்வார்கள். சொல்லட்டும். அன்றைக்கு அந்தச் சுழி யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. இன்றைக்குக் காட்டிக்கொடுக்கட்டும். இதை எழுதியது யார் என்று எல்லோருக்கும் தெரியட்டும்.